வடக்குச் சுவர், மூன்றாவது சன்னல்

“உனக்கு அந்தச் சுவருதான் பெருசாப் போச்சு. திருநாளுக்குத் திருநாள் பாதிச் சனம் வெயில்ல நின்னு பூசை காணுது, அது உன் கண்ணுக்குத் தெரியல. சுவரு, சுவரு, சுவரு! அதையே கட்டிக்கிட்டு அழு, போ.”

இதுதான் அவர் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. சாட்சி வேண்டுமானால் எதிர்வீட்டு செசிலியைக் கூப்பிடுகிறேன். சன்னல் கம்பியோடு கம்பியாக நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கட்டின பெண்டாட்டியைப் பார்த்து இப்படிச் சொல்கிற ஆளை நீங்கள் பார்க்க வேண்டாமா? பாருங்கள். அதோ, ஜல்லிக் குவியலுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். லாம்பர்ட் கர்வாலோ. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவர். ஊர்க் கமிட்டி மெம்பர். என் வீட்டுக்காரர்.

அன்றைக்குச் சொன்னதுதான் கடைசி. அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. நாலு மாசம் ஆகிறது. நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. “இனிமே எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினா பாருங்க” என்று சொன்னேன், அவ்வளவுதான். கோபத்தில் எல்லாரும் சொல்வதுதானே? அதைப் பிடித்துக்கொண்டு நாலு மாசம் வாயைத் திறக்காத மனுஷனை என்ன சொல்வது?

இந்தாங்கம்மா, டீயைப் பிடியுங்கள். சூடு ஆறிவிடும். அளக்கிற டேப்பை அந்தக் கட்டையில் வையுங்கள், ஒருத்தரும் எடுத்துக்கொண்டு ஓட மாட்டார்கள், இங்கே திருடுகிறவர்கள் எல்லாம் பெரிய சாமான்தான் திருடுவார்கள். கோயில், சுவர், அந்த மாதிரி.

நீங்கள் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. நீங்கள் மதுரையில் காலேஜில் கட்டடக் கலை சொல்லிக்கொடுக்கிறவர். இடிப்பதற்கு முன்னால் அளந்து, படம் வரைந்து வைக்கத்தான் வந்திருக்கிறீர்கள். நிறுத்துகிற அதிகாரம் உங்களுக்கு இல்லை. நேற்றும் சொன்னீர்கள், இன்றைக்கும் இரண்டு தடவை சொல்லியாயிற்று. அதிகாரம் இருக்கிறவர்களை எல்லாம் நான் பார்த்துவிட்டேன் அம்மா. அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று இந்தச் சுவரில் கையை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் எடுக்காமல் நின்றீர்களே, அதைப் பார்த்துத்தான் டீ போட்டேன். எல்லாருக்கும் டீ போடுகிற ஆள் நான் இல்லை.

நீங்கள் சொன்னதை நானே உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். கூரை பிறகு மாற்றியது. முகப்புக்கு ஒரு சாமியார் காலத்தில் சிமென்ட் பூசி ரோஸ் கலர் அடித்துப் பிறந்தநாள் கேக் மாதிரி ஆக்கிவிட்டார்கள். பீடத்தில் இருந்த தேக்கு வேலைப்பாட்டைக் கழற்றிவிட்டுப் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டியாயிற்று. மணிக்கூண்டு இடி விழுந்து மறுபடி கட்டியது. கட்டினது கட்டினபடி நிற்பது இந்த வடக்குச் சுவர் மட்டும்தான். மூன்றடி கனம். கடலிலிருந்து எடுத்த பவளக்கல், மேலே சுண்ணாம்புக் காரை, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைத்தது. ஐந்து சன்னல், ஐந்துக்கும் வளைவு. ஒவ்வொரு சன்னலும் உள்பக்கம் அகலம், வெளிப்பக்கம் குறுகல். உப்புக்காற்று உள்ளே வரும்போது வேகம் அடங்கிவிடும், வெளிச்சம் மட்டும் விரிந்து விழும். சரிதானே?

எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? கான்வென்டில் படித்தவள் நான். எங்கள் சிஸ்டர் மெக்டலின் ஒரு பாடத்தைப் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லும் வரை உட்கார விட மாட்டார். அந்தப் பழக்கம். இந்த ஒரு வருஷத்தில் சுண்ணாம்பைப் பற்றி, வளைவைப் பற்றி, கடல் கல்லைப் பற்றி எது அச்சில் கிடைத்தாலும் படித்தேன். சமையல் தீய்ந்தது. தீயட்டும். ஆயருடைய மேற்றிராசனத்துக்கு மூன்று கடிதம். கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் வரிசையில் நின்று ஒரு மனு. “பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இல்லை” என்று பதில். அப்படியானால் பட்டியலில் சேருங்கள் என்று மறுபடி ஒரு மனு. ஆயர் இல்லத்திலிருந்து, “தங்கள் விசுவாசப் பற்றுக்கு நன்றி.” நான் விசுவாசத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை! காரையைப் பற்றி எழுதினேன். நன்றியாம்.

ஐந்து பக்கக் கடிதம் அம்மா. எழுத்துப்பிழை இல்லை. பவளக்கல், வளைவு, காற்றோட்டம், சரித்திரம், எல்லாம் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

சொல்கிறேன். அவசரப்படாதீர்கள். அவசரப்படுவதற்கு நான் ஒருத்தி போதும்.

முதலில் இதைக் கேளுங்கள். கோயில் சின்னது, சனம் பெருத்துவிட்டது, விரித்துக் கட்ட வேண்டும். சரி. நான் மறுத்தேனா? விரியுங்கள். தெற்கே இருக்கிறது மைதானம். இரண்டு வாலிபால் கம்பத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. இன்ஜினீயர் தெற்கே என்றார். பங்குச் சாமி ஜெரால்டு தெற்கே என்றார். கமிட்டியில் ஒன்பது பேரில் எட்டுப் பேர் தெற்கே. இந்த ஒரு மகராசன்தான் வடக்கே. வடக்கே என்ன இருக்கிறது? நீங்களே பாருங்கள். கிணறு. வாதாமரம். அந்தண்டை ஒரு லாரி திரும்ப வழியில்லை. அந்த இன்ஜினீயர் தலையிலேயே அடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, தெக்க போட்டா மூணு மாசம், வடக்க போட்டா எட்டு மாசம்.” இவர் கேட்டால்தானே? ஆறு மாசம் ஒவ்வொரு கமிட்டிக்காரன் வீட்டுக்கும் நடையாய் நடந்தார். வாயே திறக்காத மனுஷன் அம்மா, உப்பு இல்லையென்றால் உப்பு இல்லை என்று கேட்க மாட்டார், இலையில் விரலால் தட்டிக் காட்டுவார். அந்த ஆள் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசி அந்த எட்டுப் பேரையும் வடக்கே திருப்பிவிட்டார்.

எதற்கு? எனக்கு எதிராகத்தான். வேறு எதற்கு? இந்தச் சுவர் என் உயிர் என்று தெரியும். தெரிந்தேதான்.

சண்டை போட்டேன். போடாமல் விடுவேனா? ஊர்க்கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பெண்கள் பக்கம் நான் ஒருத்திதான் எழுந்து நின்றேன். “சுவத்துல ஒண்ணுமில்லன்னு நெனச்சு இடிக்கிறீங்க” என்றேன். பங்குச் சாமி நல்லவர்தான், வயசு குறைவு, சிரித்த முகம். “எமரன்சியாம்மா, நீங்களே சொல்லுங்க, அந்தச் சுவத்துல அப்படி என்னதான் இருக்கு?” என்று கேட்டார்.

ஆண்கள் பக்கத்தில் இவர் பாதி எழுந்தார். முழுக்க எழுந்திருக்கவில்லை, முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி. என்னைப் பார்த்தார். என் நாக்கு உங்களுக்குத் தெரியும், இரண்டு நாளாகக் கேட்கிறீர்கள். எங்கேயும் நின்றதில்லை. அங்கே நின்றுவிட்டது. சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா?

“கடுக்காய்க் காரை, சாமி” என்றேன்.

ஊரே சிரித்தது. இவர் உட்கார்ந்துவிட்டார். பயந்தாங்கொள்ளி. பாதி எழுந்தவருக்கு மீதி எழ முடியாதா?

சரி. இப்போது சொல்கிறேன். டீயைக் குடித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. நீங்கள் படித்த எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்னால் செத்துப்போன பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, அது ஜெபம் சொல்லி மந்திரித்த மண் என்று அந்தக் காலத்துச் சாமியார் யாரோ சொல்லிவிட்டார். அப்படியென்று கடற்கரையில் நாய்க்குப் போட முடியுமா? அதனால் கோயில் வடக்குச் சுவர் ஓரமாக, இறவாரத்துக்கு நேர் கீழே வைப்பார்கள். கோயிலுக்கு வெளியேதான், ஆனால் மழை பெய்தால் கோயில் கூரையில் விழுந்த தண்ணீர் பிள்ளையின் மேல் சொட்டும். சாமியார் ஊற்றாத தண்ணீரைக் கூரை ஊற்றிவிட்டுப் போகட்டும் என்று ஒரு நினைப்பு. எவ்வளவு பிள்ளைகள் என்று யாருக்கும் தெரியாது. சாமியாருக்குத் துணையாகக் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாரும் தகப்பனும் மட்டும் வருவார்கள். கல் வைக்கக் கூடாது. குருசு நடக் கூடாது. இன்னொன்று, அதுதான் முக்கியம். பெற்றவளுக்கு இடத்தைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் அங்கேயே போய் உட்காருவாளாம். உட்கார்ந்தால் வயிறு மறுபடி திறக்காதாம்.

எனக்குச் சொல்லவில்லை. வயிறும் திறக்கவில்லை.

இருபத்தேழு வருஷம். எட்டு மாசம் முடிந்து பிறந்தாள். பிறந்தாள் என்று சொல்லக்கூடாதாம், நர்ஸ் திருத்தினாள். துண்டில் சுற்றி ஒரு தடவை காட்டினார்கள். கால் விரல் நகம்வரை எல்லாம் இருந்தது. அவள் அழவில்லை, அது ஒன்றுதான் குறை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இவரும் இஞ்ஞாசி உபதேசியாரும் ஒரு சோப்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். பெயர் வைக்கவில்லை. வைத்தேன். அது உங்களுக்கு எதற்கு?

வேண்டாம், கைக்குட்டை எல்லாம் வேண்டாம். கண்ணில் மணல்.

இப்போதெல்லாம் அப்படி இல்லை. ஜெரால்டு சாமி வந்த பிறகு எந்தப் பிள்ளையானாலும் கல்லறைத் தோட்டத்திலேயே வைத்து ஜெபமும் சொல்கிறார். போன வருஷம் மேலத்தெருவில் ஒரு பிள்ளைக்கு ஊரே போனது. நானும் போனேன். நல்ல காரியம். எனக்குத்தான் கொஞ்சம் பிந்திவிட்டது.

இடம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். ஒருத்தரும் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த மனுஷன் கோயிலுக்குள் வந்து பூசை கண்டதில்லை. வெளியே நிற்பார். இதோ, இந்த மூன்றாவது சன்னலுக்கு வெளியே. மழையோ வெயிலோ, கல்யாணப் பூசையோ கருமாதிப் பூசையோ, இங்கேதான். நான் உள்ளே இதே சன்னலுக்குக் கீழே முழங்காலிடுவேன். நடுவில் மூன்றடிச் சுவர். அவர் செருமினால் எனக்குக் கேட்கும். ஒரு நாளும் நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. வீட்டுக்குப் போனால் மீன் குழம்பைப் பற்றிப் பேசுவோம்.

ஆனால் சரியான இடம் தெரியாது அம்மா. அதுதான். நிழலுக்கு நகர்ந்து நகர்ந்து நிற்பார். காலைப் பூசைக்கு இந்தப் பக்கம், சாயங்காலம் என்றால் நாலாவது சன்னலை ஒட்டி. எட்டடி வித்தியாசம் வருகிறது, நான் அடி வைத்து அளந்திருக்கிறேன். உபதேசியாருக்குத் தெரியும், அவரும் போய்விட்டார். செசிலி அவர் பெண்டாட்டிதான். “ஏட்டி, உன் புருசன் சாகும்போது எதாவது சொன்னாரா?” என்று கேட்டேன். “ஒன் வீட்டுக்காரரக் கூப்பிட்டு, இனி நீ ஒருத்தன்தான் லாம்பர்ட், இடத்த மறந்துராதன்னு சொன்னாவ” என்றாள். ஆக, உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அதோ, முதுகு.

அந்த ஆள்தான் சுவரை இடிக்கக் கை தூக்கினார். இருபத்தேழு வருஷம் நின்ற இடத்தை இடித்து, அஸ்திவாரக் குழி தோண்டி, ஜல்லி கொட்டி... எப்படி மனசு வந்தது? நீங்கள் சொல்லுங்கள். படித்தவர்தானே. நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரே பதில்தான் வருகிறது. அவருக்கு அலுத்துவிட்டது. வெயிலில் நின்று அலுத்துவிட்டது. இடத்தை மூடிவிட்டால் நிற்க வேண்டிய அவசியம் இல்லை பாருங்கள்.

போன வாரம் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள், எங்கே தோண்டுவது என்று. விடிவதற்கு முன்னால் வந்து துடைப்பத்தால் அழித்துவிட்டேன். ஆமாம், நான்தான். சிரிக்காதீர்கள். இவர் வந்து பார்த்தார், மறுபடி போட்டார். மறுநாள் மறுபடி அழித்தேன். மறுபடி போட்டார். மூன்று தடவை. இன்ஜினீயர் டேப்பைப் பிடித்து, பேப்பரைப் பார்த்து, நூல் கட்டிப் போட்ட கோடு. இவர் டேப்பும் இல்லாமல் பேப்பரும் இல்லாமல், குனிந்தபடியே ஒரே இழுப்பு. அதே இடத்தில். அவ்வளவு வேகம் இடிப்பதற்கு!

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். பங்குச் சாமியிடம் போய், “தரை போடுததுக்கு முன்ன வடக்குப் பக்கத்து மண்ண மந்திரிப்பீங்களா சாமி? ஒரு முழம் விடாம?” என்று கேட்டாராம். செசிலிதான் வந்து சொன்னாள். சாமி, “கோயிலுக்குள்ள வர்ற எடம் எல்லாம் மந்திரிச்ச எடம்தான் அண்ணாச்சி” என்றாராம். அதற்கும் இவர் விடவில்லையாம், “தரைக்குக் கீழயும்தான சாமி?” என்று திரும்பக் கேட்டாராம். சாமிக்குச் சிரிப்பு. செசிலிக்குச் சிரிப்பு. எனக்கும் சிரிப்புதான். பிள்ளை கிடக்கிற இடத்துச் சுவரை இடித்துவிட்டு மண்ணுக்கு மந்திரிப்பாம்! பாவம் செய்கிறவனுக்கு எப்போதும் இந்தத் தீர்த்தத் தண்ணீர் புத்தி வந்துவிடும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் தப்பாக எதுவும் சொல்லவில்லையே.

அதனால் நான் உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரி. ஒரே வரி. “வடக்குச் சுவரைத் தொடுவது கட்டடத்துக்கு ஆபத்து.” அப்படி எழுதுங்கள். காலேஜ் முத்திரை போட்டு. அதைக் கொண்டுபோய் நான் மறுபடி ஆயர் இல்லத்தில் உட்கார்ந்துவிடுவேன். நாளைக் காலை ஆறு மணிப் பூசை முடிந்ததும் ஜேசிபி வருகிறது. இன்னும் நேரம் இருக்கிறது. மூன்றரை பஸ்ஸைப் பிடித்தால் ஐந்துக்குப் போய்ச் சேருவேன். பிள்ளையைப் பற்றி எழுத வேண்டாம். பிள்ளையைப் பற்றி எழுதினால் பரிதாபப்படுவார்கள், பரிதாபப்பட்டுவிட்டு இடித்துவிடுவார்கள். காரையைப் பற்றி எழுதுங்கள்.

என்ன தேடுகிறீர்கள்? பிளானா? அதை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? பள்ளிக்கூட ஹாலில் ஒட்டியிருந்தார்கள், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் சுவர் இல்லாத பிளான் எனக்கு எதற்கு?

சரி, விரியுங்கள். காட்டுங்கள். காற்று அடிக்கிறது, அந்த முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இது பழைய கோயில். இது புதுசாக நீட்டுகிறது. இந்தப் புள்ளிக்கோடு... ம். வடக்குச் சுவர். புள்ளி ஆக்கிவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சன்னல் இங்கே வரும். இது என்ன வட்டம்? சுற்றிலும் எட்டுப் பட்டையாக?

தொட்டியா? எந்தத் தொட்டி? ஞானஸ்நானத் தொட்டியா?

அதை எப்படி இங்கே வைப்பார்கள்? என்ன பிளான் இது? தொட்டி எப்போதும் தலைவாசலுக்குப் பக்கத்தில்தானே. இப்போது அங்கேதானே இருக்கிறது, அந்தக் கல் தொட்டி, வந்து நுழைந்ததும் இடதுகைப் பக்கம். உள்ளே வருகிறவர்கள் முதலில் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். அதுதான் முறை, கேட்டால் சிஸ்டர் மெக்டலின்கூடச் சொல்வார். எந்த மடையன் அதைத் தூக்கி வடக்குப் பக்கம் நடுவில் கொண்டுபோய்...

யார் கேட்டது?

அவரா.

இன்ஜினீயர் உங்களிடம் சொன்னாரா? என்ன சொன்னார்? அப்படியே சொல்லுங்கள். கூட்டாமல் சொல்லுங்கள். “பழைய கல் தொட்டியை இங்க வச்சாத்தான் கமிட்டியில கையெழுத்துப் போடுவேன்னு கர்வாலோ அண்ணாச்சி ஒரே பிடிவாதம்.” சரி. அப்புறம்?

கறுப்புக் கட்டம் எல்லாம் பில்லர் குழியா? ஒன்று இங்கே. ஒன்று இங்கே. இங்கே ஒன்று. நடுவில்? ஒரே அளவில் வந்துகொண்டிருந்தது, நடுவில் ஏன் விட்டுப்போயிற்று? இரண்டு பக்கமும் தள்ளிப் போட்டிருக்கிறதே. வட்டத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லையே.

தோண்டக் கூடாதென்று யார்...

இருங்கள். பேசாதீர்கள். ஒரு நிமிஷம்.

தெற்கே விரித்திருந்தால் சுவர் நின்றிருக்கும். நின்றிருந்தால் அவள் வெளியேதான். மழைக்கு மழைதான் தண்ணீர். வடக்கே விரித்தால்... கூரை அவளுக்கு மேலே வந்துவிடும். பீடத்திலிருந்து எத்தனை அடி இது? அளந்து சொல்லுங்கள். முப்பத்தெட்டா. முப்பத்தெட்டு அடியில் பூசை. மேலே தொட்டி. ஊரில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தண்ணீர் ஊற்றும்போது...

ஆறு மாசம் வீடு வீடாகப் போய்ப் பேசினாரே. எட்டு வீட்டில் பேசின வாய்க்கு எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசத் தெரியாதா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லக்கூடாது. ஆமாம். வழக்கம். பெற்றவளுக்குச் சொல்லக் கூடாது. பிளானை மாற்றலாம், பில்லரை மாற்றலாம், கோயிலையே இழுத்துக் கட்டலாம், அந்த ஒரு வழக்கத்தை மட்டும் மாற்ற முடியாது இவருக்கு. நான் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையா? சரி, யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம் அம்மா. ரிப்போர்ட்டும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள், இந்த வட்டம் என்ன அளவு? ஆறடியா? ஆறடிக்குள் எங்கே? நடுவிலா, சுவரை ஒட்டியா? நீங்கள் எப்படிச் சொல்வீர்கள், உங்களுக்கு எப்படித் தெரியும். பேப்பரில் வட்டம்தான் இருக்கிறது. நாளைக்கு மிஷின் ஏறிவிடும். அப்புறம் செங்கல் விழும், ஜல்லி விழும், கான்கிரீட் போடுவார்கள், மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள், கல் தொட்டியைத் தூக்கி வைத்துவிடுவார்கள். இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் அது மண். ஒரு தடவை, ஒரே தடவை, செருப்பைக் கழற்றிவிட்டுச் சரியான இடத்தில் நான் நிற்க வேண்டும். எட்டடிக்குள் எங்கேயோ என்று இல்லை. இங்கே என்று தெரிந்து.

பிடியுங்கள் பேப்பரை. நான் கூப்பிடுகிறேன்.

ஏங்க!

ஏங்க, உங்களத்தான். அந்த ஜல்லியையே எத்தன நேரம் பாத்துக்கிட்டு இருப்பீங்க? இந்தப் பக்கம் திரும்புங்க. நான் சண்டைக்கு வரல. பிளானைப் பாத்துட்டேன். தொட்டியைப் பாத்துட்டேன்.

கேக்குதா?

எனக்கு அம்பத்திமூணு வயசாச்சு. இனி எந்த வயிறு திறக்கணும்? நான் அங்க உக்கார மாட்டேன். அழ மாட்டேன், இந்த அம்மா இருக்காங்க, அவங்க முன்னால நான் அழுவேனா? வழக்கமெல்லாம் உபதேசியாரோட போகட்டும். நீங்க பேசக்கூட வேண்டாம். வாயைத் திறந்தா நான் எதாவது சொல்லிருவேன்னுதான பயம், திறக்க வேண்டாம். இருக்கிற இடத்துல இருந்தே கையை மட்டும் நீட்டிக் காட்டுங்க.

ஏங்க...

எந்த இடம்?